கம்பமா, கம்பியா, மரமா? கடைத்தெருவின் கிறிஸ்துமஸ் விளக்குகள் குறித்து ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் டிசம்பர் நடுப்பகுதியில் மாலை நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி விட்ட பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வீடு திரும்பும் நேரமும், அங்கே விளக்குகள் எரியத் தொடங்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஓர் ஊரின் கிறிஸ்துமஸ் விளக்குகளை அதிகம் பார்ப்பவர்கள் தொடக்க விழாவன்று திரளும் கூட்டத்தினர் அல்லர். ஆறு வாரக் காலம் அதே நடைபாதையில் பையும் குடையுமாக நடப்பவர்களே. விளக்குகளின் தரத்தை அவர்களுடைய கண்ணைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பல்புகளின் எண்ணிக்கையும் தெருவின் நீளமும் அதற்கு அளவுகோல் ஆகமாட்டா.

சிறு நகரம் ஒன்றின் கவுன்சிலுக்கோ வணிகர் சங்கத்துக்கோ பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. தெருவிளக்குக் கம்பங்களில் உருவ விளக்குகளை மாட்டலாம். தெருவின் குறுக்கே கம்பி இழுத்து விளக்குச் சரங்களைத் தொங்கவிடலாம். மரங்கள் இருந்தால் அவற்றை ஒளிரச் செய்யலாம்.

முதலாவது வழியே எங்கும் பரவலாக இருக்கிறது. அதற்கான காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. கம்பத்துக்கு ஏற்கெனவே மின்சாரம் வருகிறது. கட்டட உரிமையாளர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கம்பம் கூடுதல் எடையையும் காற்றின் அழுத்தத்தையும் தாங்குமா என்று பொறியாளர் சோதித்து ஒப்புதல் அளித்துவிட்டால், தூக்கி வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு சில இரவுகளில் வேலையை முடித்துவிடலாம். ஆனால் இந்த வழியின் குறைகள் அந்தக் கம்பத்திலேயே தொடங்குகின்றன. விளக்குக் கம்பங்கள் சாலைக்கு வெளிச்சம் தருவதற்காக நீண்ட இடைவெளி விட்டு நடப்பட்டவை. எனவே ஒரு நட்சத்திரம், பிறகு வெகுதூரம் வெறுமை, மறுபடியும் ஒரு நட்சத்திரம் என்று அலங்காரம் துண்டு துண்டாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், உருவ விளக்குக்கு மேலேயே அதே கம்பத்தின் சாலை விளக்கும் எரிவதுதான். இன்றைய எல்இடி சாலை விளக்கின் வெள்ளை ஒளிக்கு முன்னால் பண்டிகை விளக்கு சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. மேலும், உருவங்கள் பெரும்பாலும் வாகனங்கள் வரும் திசையை நோக்கி மாட்டப்படுவதால், காரில் வருபவருக்கு முழு நட்சத்திரம் தெரியும். கம்பத்துக்கு நேர்கீழே நிற்பவருக்கோ அதன் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும்.

எங்கள் கடைத்தெருவில் மூடப்பட்ட வங்கிக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் கம்பத்தில் ஒரு குளிர்காலத்தில் ஐந்து கை நட்சத்திரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டாம் வாரத்திலேயே அதன் இரண்டு கைகள் அணைந்துபோயின. இவ்வகை உருவங்களில் ஒளிரும் குழாய்க் கயிற்றுக்குள் பல்புகள் பகுதி பகுதியாகத் தொடரிணைப்பில் இருக்கும். நாம் சீரியல் செட் என்று சொல்லும் பழைய விளக்குச் சரத்தில் ஒன்று போனால் எல்லாம் போவதைப்போல, இங்கும் ஓரிடத்தில் பழுது ஏற்பட்டால் அந்தப் பகுதி முழுவதும் இருண்டுவிடுகிறது. இணைப்பு மூடி வழியாக மழைநீர் புகுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எதிரிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, "அது நட்சத்திரமா, அம்புக்குறியா?" என்று என் மகள் கேட்டாள். ஜனவரியில் கழற்றும் வரை அது அப்படியேதான் இருந்தது. பத்து நட்சத்திரங்களில் ஒன்று அணைந்தால் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் இழப்பு. ஆனால் நாள்தோறும் அதன் எதிரில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு முழு அலங்காரமும் அந்த ஒன்றுதான்.

குறுக்குக் கம்பி முறை இதற்கு நேர்மாறானது. இதில் தொடக்க உழைப்பும் தொடக்கச் செலவும் அதிகம். இருபுறச் சுவர்களிலும் இரும்பு வளையங்களைப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டட உரிமையாளரிடமும் சம்மதம் பெற வேண்டும். பழைய செங்கல் சுவர் அந்த இழுப்பைத் தாங்குமா என்று இழுத்துச் சோதிக்க வேண்டும். பொதுச் சாலைக்கு மேலே கம்பி கட்டுவதற்கு 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 178ஆம் பிரிவின்படி, நெடுஞ்சாலை அதிகாரியின் ஒப்புதலும் கட்டாயம். சுமார் 4.4 மீட்டர் உயரமுள்ள இரட்டைத் தட்டுப் பேருந்து போகும் தெருவென்றால், காற்றில் தாழ்ந்து ஆடும் சரத்துக்கும் அதன் கூரைக்கும் இடையே போதிய இடைவெளி வைத்தே உயரத்தைத் தீர்மானிக்க முடியும். இத்தனையையும் கேட்டவுடன் பல சங்கங்கள் கம்பத்துக்கே திரும்பிவிடுகின்றன. அது வருந்தத்தக்க முடிவு. ஏனெனில் சுவரில் ஒருமுறை பதித்த வளையத்தை, உரிய காலத்தில் மறுபடி சோதித்து, பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

அதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது ஒரு கூரை. லண்டன் ரீஜன்ட் தெருவில் 1954இலும், ஆக்ஸ்போர்டு தெருவில் 1959இலும் தொடங்கிய விளக்கு அலங்காரங்கள் இன்றுவரை மக்களை ஈர்ப்பதற்கு, தலைக்கு மேலே ஒளியால் கூரை வேயும் இந்த உத்தியே முதன்மைக் காரணம் என்பேன். ரீஜன்ட் தெருவில் 2016இல் அறிமுகமான தேவதைகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகளோடு, சாலையின் அகலத்துக்குச் சிறகு விரித்து நின்றன. சிறு நகரம் அந்தத் தேவதைகளை நகலெடுக்கக் கூடாது. உயர்ந்த, ஒரே சீரான கட்டட முகப்புகள் இருபுறமும் இருப்பதால்தான் அவை அங்கே பொருந்துகின்றன. இரண்டு மாடிக் கடைகள் உள்ள தெருவுக்கு வெறும் உருண்டை பல்புகள் கோத்த சரமே போதும். கட்டடங்கள் தாழ்வாக இருப்பது இங்கே நன்மையாகவே அமைகிறது. பல்புகள் நடப்பவருக்கு அருகில் இருக்கின்றன. மழை விட்ட மாலையொன்றில் அத்தகைய சரத்தின் கீழே நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பல்பின் அடியிலும் ஒரு துளி நீர் விழாமல் தொங்கி, அந்தத் துளிக்குள்ளும் ஒரு சிறு சுடர் இருந்தது. நனைந்த தார்ச்சாலை அந்த வரிசை முழுவதையும் கீழே இன்னொரு முறை காட்டியது. கம்பத்து நட்சத்திரம் எதுவும் அப்படியோர் இரட்டிப்பைத் தந்து நான் கண்டதில்லை.

மரங்கள் இருக்கும் தெரு பேறு பெற்றது. இலையுதிர்ந்த கிளைகளுக்கு விளக்கு கொடுத்தால் வேறு உருவம் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆனால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி நெருக்கிக் கட்டுவது பார்வைக்கும் நன்றாக இல்லை, மரத்துக்கும் நல்லதில்லை; வசந்தத்தில் கழற்றாமல் விட்டால் பருத்துவரும் தண்டை அந்தக் கம்பி இறுக்கிவிடும். இதில் பின்பற்றத்தக்க முன்மாதிரி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. 1947 முதல் ஆண்டுதோறும் ஆஸ்லோ நகரம் அன்பளிப்பாக அனுப்பும் கிறிஸ்துமஸ் மரத்தில், நார்வே மரபுப்படி, வெண்ணிற விளக்குச் சரங்கள் உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்குகின்றன. அந்த அடக்கமான அலங்காரம் மரத்தை மறைப்பதில்லை. குறை ஒன்றே: மரங்கள் நாம் விரும்பும் இடத்தில் வளர்ந்திருப்பதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒளியின் நிறம் அதை ஆக்கவோ கெடுக்கவோ செய்யும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகான கெல்வினில் சுமார் 2,700 கொண்ட இளமஞ்சள் வெண்ணொளியில் செங்கல் சுவர் செங்கல்லாகவும், மனித முகம் முகமாகவும் தெரிகின்றன. 6,000 கெல்வினை நெருங்கும் நீலம் பாய்ந்த வெண்மையில் அதே தெரு மருத்துவமனை வராந்தாவைப்போல் ஆகிவிடுகிறது. பலவண்ண விளக்குகளை நான் நீண்டகாலம் குறைவாகவே மதிப்பிட்டு வந்தேன். கார்ன்வால் கடலோரத்திலுள்ள மவ்ஸல் கிராமத்தின் எடுத்துக்காட்டு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. 1963இல் தொடங்கி, தன்னார்வலர்களே பராமரித்துவரும் அந்தத் துறைமுக விளக்குகள் அப்பட்டமான வண்ணங்களில் நீரின் மேல் எரிகின்றன. இருந்தும் ஒவ்வொன்றும் அந்த ஊருக்கே உரியதாகத் தெரிகிறது. 1981 டிசம்பர் 19 அன்று புயலில் அவ்வூரார் சென்ற மீட்புப் படகின் எட்டுப் பேரும் உயிரிழந்ததை நினைத்து, ஆண்டுதோறும் அதே நாளில் அவ்விளக்குகளை ஒரு மணி நேரம் மங்கச் செய்கிறார்கள். வாடகைக்கு எடுத்த நட்சத்திரங்களால் இவ்வாறு ஓர் ஊரின் துக்கத்தைச் சுமக்க இயலாது.

மின்செலவைக் காட்டி விளக்குகளைக் குறைப்பது இன்று வலுவான வாதமன்று. 15 வாட் இழை பல்புகள் நூறு கொண்ட சரம், நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 42 நாள் எரிந்தால் 504 யூனிட் செலவாகும். அதே இடத்தில் 1 வாட் எல்இடி பல்புகள் நூறுக்கு 34 யூனிட்கூட ஆகாது. பணம் கரைவது மின்சாரத்தில் அன்று. ஏற்றி இறக்கும் கூலியிலும், வாடகையிலும், பழுதுபார்ப்பிலுமே. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். அதில் கையெழுத்திடுவதற்கு முன், அணைந்த விளக்கை எத்தனை நாளுக்குள் சரிசெய்வார்கள் என்ற விதியைத் தேடிப் படிக்க வேண்டும். சொந்தமாக வாங்கினால் பதினொரு மாதம் பாதுகாத்து வைக்க ஈரமில்லாத இடமும், பொறுப்பேற்க ஓர் ஆளும் தேவை.

என் தேர்வு குறுக்குக் கம்பிதான். ஆனால் தெரு முழுவதற்கும் அன்று. கையில் இருக்கும் பணத்தை முக்கால் மைல் நீளத்துக்கு நட்சத்திரங்களாகத் தூவுவதைவிட, மக்கள் அதிகம் நடமாடும் 150 மீட்டரில் பன்னிரண்டு சரங்களை நெருக்கமாகக் கட்டலாம். எஞ்சிய தெருவில் மரம் இருந்தால் மரத்துக்கு மட்டும் விளக்கு போதும். இருண்டு நிற்கும் மறுமுனைக் கடைக்காரர்கள் இதை எதிர்ப்பார்கள், அவர்களுடைய மனக்குறை நியாயமானது. அவர்களுக்கு ஆறுதலாக ஆளுக்கொரு மங்கிய நட்சத்திரத்தைக் கொடுத்துவிடாமல், அடுத்த ஆண்டின் சுவர் வளையங்களை அவர்கள் பக்கத்தில் பதிப்பதாக இந்த ஆண்டே எழுத்தில் உறுதியளிக்க வேண்டும்.