கோ 1.21 கம்பைலர்: ஜெனரிக் டைப்பை ஊகிப்பதில் எத்தனை மார்க்?

கோ மொழியில் எழுதிய புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றுவது கோ கம்பைலர். ஜெனரிக் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது டைப்பை (முழு எண், தசம எண் போன்ற வகையை) ஊகிக்க, அது ஆர்குமென்ட்களை, அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை மட்டுமே பார்க்கும். பலரும் கஞ்சத்தனம் என்று திட்டும் இந்தக் குணத்துக்காகவே அதற்கு ஐந்துக்கு நான்கு போடுகிறேன். எங்கள் டீமில் ஸ்லைஸ் (வரிசைப் பட்டியல்), மேப் (சாவி-மதிப்பு அட்டவணை) வேலைகளுக்கான பொது லைப்ரரி என் பொறுப்பு. அதைக் கூப்பிடுகிறவர் சதுர அடைப்புக்குள் டைப் எதுவும் எழுதக் கூடாது, கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் புது வெர்ஷன் என்றால் வேகம், பைனரி சைஸ் எல்லாம் எனக்கு அப்புறம்தான். டைப் ஊகம் எங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

கோ மொழியில் ஜெனரிக்ஸ், அதாவது ஒரே ஃபங்ஷனைப் பல டைப்களுக்கும் சேர்த்து எழுதும் வசதி, வந்தது 2022 மார்ச்சில், 1.18-இல். ஊகிக்கும் பகுதி கொஞ்சம் தேறியது 2023 ஆகஸ்டில் வந்த 1.21-இல். ஒரே டைப்பில் இரண்டு மதிப்பு வாங்கிப் பெரியதைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு 1, 2.5 என்று கொடுத்தால் 1.20 முதல் எண்ணைப் பார்த்து இன்ட் (முழு எண்) என்று முடிவு கட்டி, இரண்டாவது பொருந்தவில்லை என்று நின்றுவிடும். 1.21 இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஃப்ளோட்64 (தசம எண்) என்கிறது. ஆனால் முதலாவது இன்ட் வேரியபிளாக இருந்தால் இன்றும் மறுக்கிறது. வெறும் எண்ணுக்கு டைப் இன்னும் ஒட்டவில்லை, வேரியபிளுக்கு ஏற்கெனவே ஒட்டிவிட்டது; அதைக் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு மாற்றாது. எனக்கு இது சம்மதம்.

ஒரு ஜெனரிக் ஃபங்ஷனை இன்னொன்றுக்கு ஆர்குமென்டாக அடைப்பில்லாமல் அப்படியே கொடுப்பதும் 1.21-இல் நடக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: புரோஜெக்டின் கோ வெர்ஷனைக் குறிக்கும் கோ.மாட் கோப்பில் 1.20 என்று எழுதியிருந்தால், கம்பைலர் புதிதானாலும் பழைய விதிதான். அந்த வரியை ஏற்றாமல் சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று யாரும் புகார் சொல்ல வேண்டாம்.

கஞ்சத்தனம் தெரிவது ரிட்டர்ன் பக்கத்தில். ஆர்குமென்டே இல்லாமல் ஒரு மதிப்பைத் தரும் ஜெனரிக் ஃபங்ஷனை இன்ட் வேரியபிளில் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் டைப் பளிச்சென்று எழுதியிருக்கும். அப்படியும் 'ஊகிக்க முடியவில்லை' என்றே பதில் வரும். ரஸ்ட் மொழியில் மதிப்புகளை ஒன்றுசேர்க்கும் கலெக்ட் மெத்தட் இடது பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. ஜாவா 8-ம் அந்த வழியில் வெகுதூரம் போனது. கோ அந்த வழிக்கே வரவில்லை. வவுச்சர் இல்லாமல் பத்து பைசா தராத கணக்குப்பிள்ளை மாதிரி, ஆர்குமென்டில் இருப்பதற்கு மட்டுமே கணக்கு. இதனால் டெஸ்ட் எழுதுகிறவருக்கு லாபம்: ஒரு ஃபங்ஷன் அழைப்பு சரியா என்று பார்க்க அந்த ஒரு வரி போதும், சுற்றியுள்ள மற்ற வரிகள் தேவையில்லை.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. இன்ட் ஸ்லைஸுக்கு 'விலைகள்' என்று பெயர் வைத்து ஒரு டைப். (இங்கே விளக்கத்துக்குத்தான் தமிழ்ப் பெயர். நிஜத்தில் வைத்தால் 'வி'யின் இகரக் குறியிலேயே கம்பைலர் முறைக்கும். துணைக்குறிகளை அது எழுத்தாகவே சேர்ப்பதில்லை.) ஒவ்வொரு விலையையும் இரட்டிப்பாக்கும் ஃபங்ஷனை வெறும் ஸ்லைஸ் வாங்குவதாக எழுதினால், திரும்பி வருவது சாதா இன்ட் ஸ்லைஸ், 'விலைகள்' டைப்பின் மெத்தட்கள் (அந்த டைப்புக்கென்றே எழுதிய ஃபங்ஷன்கள்) போச்சு. ஸ்லைஸ் டைப்புக்கே தனி பாராமீட்டர் வைத்து, டில்டே (~) குறியோடு கன்ஸ்ட்ரெய்ன்ட் (எந்த டைப்கள் பொருந்தும் என்ற நிபந்தனை) கொடுத்தால் பெயர் தங்கும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஸ்லைசஸ் பேக்கேஜும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதை டெஸ்ட் செய்வதில்தான் சூட்சுமம். விடையை 'விலைகள்' வேரியபிளில் போட்டால் கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பது பயனில்லாத டெஸ்ட். பெயரில்லாத இன்ட் ஸ்லைஸையும் அந்த வேரியபிள் ஏற்றுக்கொள்ளும். தவறான ஃபங்ஷனும் பாஸ் ஆகிவிடும். விடையின் முகவரியை எடுத்து 'விலைகள்' பாயின்டரில் (முகவரியை வைக்கும் வேரியபிளில்) போடுங்கள். பாயின்டர் என்று வந்துவிட்டால் டைப் அச்சாகப் பொருந்தியாக வேண்டும், சலுகை கிடையாது.

கம்பைலரைக் கட்டியவர்களின் டெஸ்ட்களையும் சோர்ஸில் புரட்டினேன். எந்தச் சொல்லில் பிழை வர வேண்டுமோ, அதன் பின்னாலேயே 'எர்ரர்' என்று கமென்ட் போட்டு, வர வேண்டிய செய்தியையும் மேற்கோளில் எழுதியிருக்கிறார்கள். சொன்ன இடத்தில் அந்தப் பிழை வராவிட்டாலும், சொல்லாத இடத்தில் ஒன்று வந்தாலும் டெஸ்ட் ஃபெயில். இதே கோப்புகளைக் கம்பைலரின் டைப் செக்கரும், எடிட்டர் கருவிகள் நம்பியிருக்கும் இன்னொரு டைப் செக்கரும் கடந்தாக வேண்டும். சரிசெய்த பிழைகள் பலவும் இஷ்யூ (புகார்) எண்ணோடு தனித்தனிக் கோப்பாக நிற்கின்றன.

அந்த வசதி நமக்கு இல்லை என்பதற்காகத்தான் ஒரு மார்க் குறைத்தேன். 'இந்த வரி கம்பைல் ஆகக் கூடாது' என்று சொல்ல கோ டெஸ்டில் வழியே இல்லை. ரஸ்டில் டாக்குமென்டேஷன் உதாரணத்தின் மேலேயே அப்படிக் குறிக்கலாம். நான் சுற்றுவழியில் போகிறேன்: சின்ன புரோகிராமை ஸ்ட்ரிங்காக வைத்து, ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் டைப்பைச் சரிபார்க்கும் டைப்ஸ் பேக்கேஜிடம் கொடுத்து, பிழை வருகிறதா என்று பார்ப்பது. அதே பேக்கேஜ் 'இன்ஸ்டன்சஸ்' என்ற மேப்பில், எந்த அழைப்புக்கு எந்த டைப்பை ஊகித்தது என்பதையும் பதிந்து தருகிறது. ஒரு தடவை உட்கார்ந்து ஹெல்பர் எழுதிவிட்டால், அடுத்த வெர்ஷனுக்கு, எந்த கோ வெர்ஷனை ஓட்டுவது என்று சொல்லும் கோடூல்செயின் வேரியபிளை மாற்றி ஓட்டினாலே போதும்.