நோயற்ற இறாலா, நோய் தாங்கும் இறாலா?

இறால் வளர்ப்பில் நோயைச் சமாளிக்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் போயிருக்கிறார்கள். ஒன்று எஸ்பிஎஃப்: குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லை எனச் சோதித்த தாய் இறால்களைப் பாதுகாப்பான கூடங்களில் வைத்துக் குஞ்சு எடுப்பது. மற்றது, நோயில் பிழைத்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது.

பண்ணைகளில் பெருமளவு வளர்க்கப்படும் வனாமி என்னும் இறால் இனத்தில் எஸ்பிஎஃப் முறை 1990களின் தொடக்கத்தில் ஹவாயில் வேரூன்றியது. தாய் இறாலோடு நோயும் நாடு விட்டு நாடு போவதை அது பெருமளவு தடுக்கிறது. ஆனால் அது இறாலின் அப்போதைய சுகாதார நிலை மட்டுமே, மரபில் வருகிற எதிர்ப்புச் சக்தி அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. திறந்த குளத்தில் விட்டதுமே அந்தத் தகுதி போய்விடும். வெண்புள்ளி வைரஸ் நுழைந்தால் 3 முதல் 10 நாளில் குளமே காலியாகலாம்.

சரி, தாங்கும் ரகம்? 1992இல் ஈக்வடாரில் கண்டறியப்பட்ட டௌரா என்னும் வைரஸ் நோய்க்கு எதிராக இந்தத் தேர்வு நன்றாகவே பலித்தது. வெண்புள்ளிக்கு அவ்வளவு எளிதில்லை. அதை எதிர்க்கும் திறன் குறைந்த அளவே மரபில் இறங்குகிறது என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வளர்ச்சி வேகம் அதைவிட நன்றாக இறங்கும். டௌரா ஆய்வு ஒன்றில், எதிர்ப்பு கூடிய குடும்பங்கள் மெதுவாக வளர்ந்தன. 1999இல் வெண்புள்ளி தாக்கிய பின் ஈக்வடார் பிழைத்த இறால்களை நம்பியே மீண்டது. அங்கே குளத்தில் நெருக்கமில்லாமல் வளர்த்ததற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நோயைத் தாங்கும் இறால் வைரஸைச் சுமந்துகொண்டே உயிரோடிருக்கும். பக்கத்துக் குளத்துக்கு அது ஆகாது.

அறுவடையின் தரத்தைக் கெடுப்பது ஈஎச்பி என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. கொல்லாது, வளர்ச்சியை முடக்கும். ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இறால் வரும். இதில் மட்டும் தயங்காமல் எஸ்பிஎஃப் பக்கம் நிற்பேன். கிருமியின் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் சோதனையில் தேறிய சுத்தமான குஞ்சுதான் இங்கே முதல் காவல்.

2019இல் வனாமியின் மரபணுத் தொகுதி வெளியானது, ஏறத்தாழ 25,000 மரபணுக்கள். இனப்பெருக்கக் கூட்டத்தைக் கிருமியில்லாமல் வைத்துக்கொண்டு, அதன் உடன்பிறப்புகளை மட்டும் வேறிடத்தில் நோய்க்கு உட்படுத்தி, எந்தக் குடும்பம் தாங்குகிறது என்று பார்க்கலாம். மரபணுக் குறியீடுகள் இருந்தால் அந்தத் தேர்வு இன்னும் துல்லியமாகும். இரண்டு வழிகளும் சேருவது இங்கேதான். அப்படி உருவான குஞ்சு கிடைத்தால் அதையே எடுப்பேன். கிடைக்காவிட்டால், மூடிய தொட்டிக்கு வேகமாக வளரும் எஸ்பிஎஃப். வெளிநீர் வந்துபோகும் குளத்துக்கு, பிசிஆரில் தேறிய தாங்கும் ரகம், அதுவும் குறைந்த அடர்த்தியில்.