அரை ஆயுள் 12 ஆண்டு, புட்டியின் ஆயுள் எட்டு மாதம்

போன வாரம் எங்கள் சிண்டிலேஷன் எண்ணியை (கதிரியக்கத்தை ஒளிச்சிமிட்டுகளாக மாற்றி எண்ணும் கருவி) பழுதுபார்க்க ஆள் வந்தார். டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அடைத்து முத்திரையிட்ட குப்பியை உள்ளே வைத்தார். எண்ணிக்கை அச்சாகச் சரியாக வந்தது. "கருவியில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி ரசீதை நீட்டிவிட்டுப் போனார். மறுநாளே பக்கத்து ஆய்வகத் தோழி கேட்டார்: "நலோக்சோனுக்கு இன்னும் டிரிடியம்தானா? ஒளிரும் சாயத்துக்கு மாறிவிடலாமா?" நலோக்சோன், மூளையில் அபின் வகை (ஓபியாய்டு) மருந்துகள் ஒட்டும் இடமான ஏற்பியை அடைக்கும் மருந்து; எவ்வளவு ஒட்டியது என்று எண்ண அதில் டிரிடியத்தை அடையாளமாக ஏற்றுகிறோம். ஆறு ஆண்டு இதனோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குறை டிரிடியம் ஏற்றிய நலோக்சோன் புட்டியில் இருந்தது. டிரிடியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) 12.3 ஆண்டு என்பதை நம்பி, எட்டு மாதப் பழைய சரக்கைப் புதியதுபோல ஊற்றிக்கொண்டிருந்தோம். எலி மூளைச் சவ்வில் ஏற்பி பிடிக்கும் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. குறியிடாத நலோக்சோனை மிதமிஞ்சிச் சேர்த்த பிறகும் கண்ணாடி இழை வடிதாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றுக் கணக்கோ (ஏற்பியில் அல்லாமல் வேறெங்கோ ஒட்டியது) ஏறியது. முதலில் கருவியைத் திட்டினேன், பிறகு வடிதாளைச் சரியாகக் கழுவவில்லை என்று மாணவனை. (மன்னிப்புக் கேட்டாயிற்று.) கடைசியில் கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் (டிஎல்சி) ஓட்டி, கீற்றுக் கீற்றாகச் சுரண்டி எண்ணினோம். ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கதிரியக்கம் தகடு முழுக்கச் சிதறிக் கிடந்தது.

டிரிடியம் சிதையும்போது வெளிவரும் பீட்டாத் துகள் (எலக்ட்ரான்) காற்றில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் போகும். தோலைத் துளைக்காது என்று நாம் கொண்டாடும் அதே குணம், அத்தனை ஆற்றலையும் புட்டிக்குள்ளேயே கொட்ட வைக்கிறது. அதில் பிறக்கும் தனியுறுப்புகள் (எதனோடும் பாய்ந்து வினைபுரியும் துண்டுகள்) மூலக்கூறையே கடித்துக் குதறுகின்றன. எத்தனால் கலந்தால் அவற்றில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். நாங்களோ தண்ணீர்க் கரைசலை மைனஸ் 20 டிகிரியில் மெதுவாக உறையவிட்டிருந்தோம். உறையும்போது மூலக்கூறுகள் ஓரிடத்தில் நெருக்கியடித்துச் சேர, அழிவுக்கு நாமே பந்தி விரித்த கதை.

இன்னொரு எரிச்சல்: கதிரியக்கத்தைக் கண்டறியும் கெய்கர் கருவிக்கு டிரிடியம் கேட்கவே கேட்காது. சிந்தியதா என்று தெரிய, மேசையை ஈரத்தாளால் துடைத்து அந்தத் தாளை எண்ண வேண்டும்.

ஆனாலும் நியாயம் சொல்ல வேண்டும். நலோக்சோனின் மூலக்கூறு எடை 327, ஒளிரும் சாயமான ஃபுளோரசீனின் எடை 332. சாயம் கட்டுவதென்றால் மாப்பிள்ளையின் முதுகில் அவரளவே இன்னொருவரை ஏற்றி அனுப்புவது. டிரிடியத்தில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அதன் அண்ணன் உட்காருகிறான். ஏற்பிக்கு வித்தியாசமே தெரியாது. 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கேன்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் ஓபியாய்டு ஏற்பியைக் காட்டியது டிரிடியம் ஏற்றிய இதே நலோக்சோனைக் கொண்டுதான். பனிக்குளிர்த் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) மூன்று முறை கழுவி, வடிதாளைச் சிண்டிலேஷன் திரவத்தில் போட்டு, அது கண்ணாடிபோலத் தெளிவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஒரு பூரிப்பு.

இவ்வளவு சொல்லிவிட்டும், தோழிக்கு என் பதில்: நீங்கள் டிரிடியம் வாங்க வேண்டாம். உங்களிடம் ஒரு மாணவர்தான் இருக்கிறார், அவரும் அவசரக்காரர். நாங்கள் அடுத்த புட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டோம். பாதி அளவு, எத்தனாலில்.