கான்பெரா போர் நினைவகம்: மாலை நிகழ்ச்சிக்காகவே போகலாம்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பாராளுமன்றத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, மிச்சம் நேரம் இருந்தால் போர் நினைவகத்துக்கு ஒரு எட்டு போய் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அரை நாளாவது இதற்கு ஒதுக்கி, மூடும்வரை இருந்துவிட்டு வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. விமானம், பீரங்கி என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் நான் எழுத வந்தது மாலையில் மூடும் நேரத்தில் நடக்கும் 'லாஸ்ட் போஸ்ட்' (இறந்த வீரர்களுக்காக ஊதும் ராணுவ இசை) நிகழ்ச்சியைப் பற்றித்தான்.

2013 முதல் கிறிஸ்துமஸ் நாள் தவிர இதைத் தினமும் நடத்துகிறார்கள். தேசிய கீதம், பேக்பைப் இசை, மலர்வளையம், அப்புறம் ராணுவச் சீருடையில் ஒருவர் வந்து, போரில் இறந்த ஒரே ஒருவரின் கதையை வாசிக்கிறார். எங்கே பிறந்தார், அப்பா அம்மா யார், பட்டாளத்தில் சேருமுன் என்ன வேலை பார்த்தார், எப்படி இறந்தார். முடிவில் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பில் அந்த இசையை ஊதுகிறார்கள். வெற்றி முழக்கமோ வீர வசனமோ இல்லை. முற்றத்துச் சுவரில் இப்படி இறந்தவர்களின் பெயர்கள் 1,03,000க்கும் மேல் இருக்கின்றன. நாளுக்கு ஒருவர் என்று போனால் எல்லோரையும் சொல்லி முடிக்க 280 வருஷமாவது ஆகும், இருந்தாலும் ஒவ்வொருவராகத்தான் சொல்வோம் என்று நடத்துகிறார்களே, அதற்காகவே இந்த இடத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், முற்றத்தின் இரு பக்கமும் உள்ள வெண்கலப் பலகைகளைப் பாருங்கள். படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள். பதவியும் பதக்கமும் போடவில்லை. சாவில் எல்லோரும் ஒன்று என்பதால் அப்படி. பலகைகளின் இடுக்கில் மக்கள் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் சிவப்பு பாப்பிப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள், சில பெயர்களைச் சுற்றிப் பூ மொய்க்கிறது, சிலதுக்கு ஒன்றுகூட இல்லை. முதல் உலகப் போர் பக்கத்தில் 21வது பட்டாலியனைத் தேடி, அதில் மார்ட்டின் ஜே. சி. என்ற பெயரைக் கண்டுபிடியுங்கள்.

ஜிம் மார்ட்டின் 1901 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டோகும்வால் ஊரில் பிறந்தவன். 1915 ஏப்ரலில் மெல்போர்னில் பட்டாளத்தில் சேர்ந்தபோது பதினெட்டு வயது என்று சொன்னான். உண்மையில் பதினான்குதான். 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், கடிதமும் போடமாட்டேன் என்று அடம்பிடித்தான். அந்த அம்மா என்ன செய்வாள்? பெயராவது தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்று சம்மதித்தார்கள். செப்டம்பரில் அவன் போன சவுத்லேண்ட் கப்பலை கிரேக்க நாட்டு லெம்னோஸ் தீவுக்கு அருகே டார்பிடோ தாக்க, பல மணி நேரம் கடலில் கிடந்து பிழைத்தான், அதற்குச் சில நாளிலேயே துருக்கியில் போர் நடந்த கலிப்போலியின் பதுங்குகுழிக்கு அனுப்பப்பட்டான். அக்டோபரில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், (மெல்போர்ன் இருக்கும்) விக்டோரியா மாநிலத்தை விட்டு வந்ததிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறான். குண்டடி படவில்லை. டைபாய்டு காய்ச்சலோடு மருத்துவக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள், அன்று மாலையே, 1915 அக்டோபர் 25, இதயம் நின்றுபோனது. கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள், அதனால் கல்லறை என்று ஒன்று இல்லை. பெயர் கலிப்போலியில் லோன் பைன் நினைவுச்சின்னத்திலும் இந்தப் பலகையிலும் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களில், தெரிந்தவரை, இவன்தான் மிக இளையவன்.

கலிப்போலியில் இறந்த ஆஸ்திரேலியர்கள் 8,000க்கும் மேல். அந்த எண் ஒருவரை ஒன்றும் செய்யாது. கையெழுத்துக்காக அடம்பிடித்த பையனைத் தெரிந்துகொண்ட பிறகு அதே எண்ணைப் படித்துப் பாருங்கள். மாலை நிகழ்ச்சி செய்வதும் இதைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார இடம் கம்மி, பின்னால் நின்றால் வாசிப்பவர் முகம் தெரியாது. திறந்த முற்றம், கான்பெரா குளிர் சும்மா விடாது, ஸ்வெட்டர் அவசியம். சில நாள் வாசிக்கும் கதையில் படைப்பிரிவு எண்ணும் தேதியும் மிஞ்சி, ஆள் காணாமல் போகிறார். எல்லோருக்கும் கடிதம் கிடைத்திருக்காது என்பது புரிகிறது, ஆனாலும் இன்னும் கொஞ்சம் வீட்டைப் பற்றிச் சொல்லலாம். விரிவாக்க வேலை சில வருஷமாக நடப்பதால், எந்தக் கூடம் திறந்திருக்கிறது, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, முன்பதிவு வேண்டுமா என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள், அவர்கள் வயதுதான் ஜிம்முக்கும். ஆஸ்திரேலியா போக வாய்ப்பில்லாதவர்கள் யூடியூபில் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம். முதல் உலகப் போர் வீரர்களின் பணிக் கோப்புகளையும் அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது.