மவுத்வாஷ்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பல் துலக்கித் துப்பிய நுரையில் இரத்தம் கலந்து வந்ததைப் பார்த்துப் பயந்துதான் முதல் மவுத்வாஷை வாங்கினேன். ஆயிற்று நான்கு வருடம். எதைப் பார்த்து வாங்குவது என்று அப்போது தெரியாது. எரிந்தால்தான் கிருமி சாகும் என்று நம்பி, இருப்பதிலேயே காரமானதை எடுத்தேன். தைமால், யூகலிப்டால், மெந்தால் என்று தாவர எண்ணெய்ச் சத்துகள் எல்லாம் ஆல்கஹாலில் கலந்த வகை. காலையில் துலக்கியதும் ஒரு மூடி ஊற்றிக் கொப்பளிப்பேன். ஒரு மணி நேரம் வாய் ஜில்லென்று இருக்கும், அப்புறம் நாக்கு வறண்டுவிடும். மதியத்துக்குள் பழைய நாற்றம் திரும்பிவிடும். இரத்தமும் நிற்கவில்லை.

அந்த எண்ணெய்கள் ஈறு வீக்கத்தைக் குறைக்கக்கூடியவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் பற்களில் காரை கட்டியிருந்தது. கெட்டிப்பட்ட காரையை எவ்வளவு கொப்பளித்தாலும் கரைக்க முடியாது, ஸ்கேலிங் செய்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மவுத்வாஷை நம்பி எட்டு மாதம் பல் மருத்துவரிடம் போகாமல் இருந்தேனே என்று இன்றும் வருத்தம் உண்டு.

ஸ்கேலிங் முடிந்ததும் மருத்துவர் 0.2% குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் மட்டும், தினம் இரண்டு வேளை. பல் துலக்கி அரை மணி நேரமாவது கழித்துத்தான் இதை வாயில் விட வேண்டும் என்றார். பேஸ்ட் நுரைப்பதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இந்த மருந்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடுமாம். துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்வதுதான் குளோரெக்சிடினின் பலம். பத்தாவது நாள் இரத்தம் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் யாரையும் கேட்காமல் இன்னும் இரண்டு மாதம் தொடர்ந்தேன். முன்பற்களின் இடுக்கில் பழுப்புக் கறை படிந்தது, உணவில் உப்பு சரியாகத் தெரியவில்லை. நிறுத்தியதும் சுவை திரும்பியது. கறை மட்டும் தானாகப் போகவில்லை, மறுபடி போய் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நல்ல மருந்து, ஆனால் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து.

எனக்குச் சொத்தை சீக்கிரம் விழும். அதனால் சுமார் மூன்று வருடமாக 0.05% சோடியம் ஃப்ளோரைடு உள்ள, ஆல்கஹால் இல்லாத ஒன்றைப் பயன்படுத்துகிறேன். இதில் எனக்குப் பெரிதாகத் தெளிந்த விஷயம் நேரம். இந்த மவுத்வாஷில் ஃப்ளோரைடு ஏறக்குறைய 225 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 225 பங்கு. வழக்கமான ஃப்ளோரைடு பேஸ்ட்டிலோ 1000 முதல் 1500 வரை. துலக்கிய கையோடு கொப்பளித்தால், பேஸ்ட் பல்லில் விட்டுப் போன அதிக ஃப்ளோரைடைக் கழுவிவிட்டு, குறைந்ததை வைத்துக்கொள்கிறோம். அதனால் இப்போது நுரையைத் துப்புவதோடு சரி, தண்ணீர் விட்டுக்கூட அலசுவதில்லை. மவுத்வாஷ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். 10 மில்லி, ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அடுத்த அரை மணி நேரம் எதையும் சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை. இந்த மூன்று வருடத்தில் புதிதாகச் சொத்தை விழவில்லை. பேஸ்ட்டுக்கும் அதில் பெரிய பங்கு இருக்கும்.

வாய் நாற்றம் போனதற்கு மவுத்வாஷ் காரணமில்லை. நாக்கின் பின்பகுதியில் படியும் படலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன, பெரும்பாலும் நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. தினமும் நாக்கை வழித்து, இரவில் பல் இடுக்குகளை ஃப்ளாஸ் நூலால் சுத்தம் செய்ய ஆரம்பித்த பிறகே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கூடுதல் உதவி வேண்டுமென்றால், பாட்டிலின் பின்பக்கத்தில் துத்தநாகம் (ஜிங்க்) அல்லது செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினி இருக்கிறதா என்று பாருங்கள். வாசனைப் பொருளும் நிறமும் மட்டும் இருந்தால், மணம் போகும்போது பலனும் போய்விடும்.

வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். ஆறு வயதுக்குள் குழந்தைகளுக்கு மவுத்வாஷ் கொடுக்கக் கூடாது, துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். நீல நிறத்தைப் பார்த்து அவன் இரண்டு முறை கேட்டுவிட்டான். பாட்டிலை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.