சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சில் போவதா, நடுவில் இறங்குவதா?

உலக உருண்டை ஒன்று கையில் இருந்தால், ஒரு நூலை எடுத்து சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையம் வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும். இரண்டுக்கும் நடுவே தீர்க்கரேகைக் கணக்கில் 178 டிகிரி இடைவெளி, கிட்டத்தட்ட உருண்டையின் நேரெதிர்ப் பக்கம். அதுதான் காரணம். நூலின் நீளம் ஏறத்தாழ 15,350 கி.மீ.

பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறினால் 16,500 கி.மீ. வரும். டோக்கியோ நரிட்டா வழியாக 16,200. தூரத்தை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. டிக்கெட் எடுப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். மணிக்கணக்கைப் பாருங்கள். நேரடி விமானம் 18½ முதல் 19 மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. பிராங்க்ஃபர்ட் வழியில் பறக்கும் நேரமே 21, 22 மணி. நடுவில் நிற்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள்.

கி.மீ. கொஞ்சம்தான் கூடுகிறது, நேரம் மட்டும் ஏன் இவ்வளவு கூடுகிறது? காற்று. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. பிராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறவர் நியூயார்க் வரை அதை எதிர்த்தே போகிறார். நேரடி விமானமோ பெரும்பாலும் நூல் காட்டும் வழியை விட்டுவிட்டு, பசிபிக் பக்கம் சுற்றி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும். சுற்றுவழிதான், ஆனால் சீக்கிரம். டோக்கியோ வழிக்கும் இந்த உதவி உண்டு. நரிட்டா வரை 7 மணி, அங்கிருந்து 13 மணி. காத்திருப்பு குறைவாக அமைந்தால் பிராங்க்ஃபர்ட்டைவிட இதுவே மேல்.

அப்படியானால் எல்லோரும் நேரடியாகவே போய்விடலாமே? முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்றே வைத்திருக்கும் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 இருக்கைகள்தான். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டுமானால் ஆள் எடையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எகானமியில் போகிறவர்களுக்கு நடுவில் இறங்கும் வழிகள்தான் மிச்சம்.

அதை வெறும் குறையாக நான் பார்க்கவில்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது டோக்கியோ வழிதான். 7 மணி நேரம் உட்கார்ந்த பிறகு இறங்கி, வீங்கிய காலுக்குச் செருப்பைத் தளர்த்திக்கொண்டு நாலு எட்டு நடப்பது பெரிய ஆறுதல். பிராங்க்ஃபர்ட் வழியில் அந்த நடை கிடைக்க 13 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் என் யோசனை வேறு. தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பி, பையும் பாட்டிலுமாக மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பதைவிட, முடிந்தவர்கள் நேரடியாகப் போய்விடுவதே நல்லது.

ஒன்று மட்டும் எந்த வழியில் போனாலும் மாறாது. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், உடம்புக்குத்தான் பகல் இரவாகிவிடும். நேரடி விமானம் மிச்சம் பிடித்துத் தரும் நாலைந்து மணி நேரத்தை, போய் இறங்கியதும் கட்டிலில் படுத்துத் தூங்கச் செலவழியுங்கள்.