சத்துவாச்சாரி டூ டெல்லி: ஆறு வருஷமாகப் போய்வந்த அனுபவம்

மகள் டெல்லி துவாரகாவில் குடியேறியது 2019-இல். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய்வருகிறேன். முதல் தடவை கிளம்பும்போது போனில் சொன்னாள்: "ரெண்டே முக்கால் மணி நேரம்தாம்மா, கண்ண மூடித் திறந்தா வந்துடுவ." சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில் அது சரிதான். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து அவள் வீட்டுக் காலிங்பெல்லை அடிக்கும் வரை கணக்குப் போட்டால், எனக்குப் பத்து மணி நேரம் ஆகிறது.

சென்னை, டெல்லி வான்தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, டெல்லியில் போய் நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். டெல்லியில் இறங்கிய பிறகும் தரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். டாக்ஸிக்கு அவசரப்பட்டு போன் செய்யாதீர்கள்.

உண்மையான சோதனை வேலூரிலிருந்து மீனம்பாக்கம் போகும் 130 கிலோமீட்டர்தான். 2022-இல் காரில் போனோம். வாலாஜா தாண்டியதும் சாலை அகலப்படுத்தும் வேலை, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த லாரி. ஒன்றரை மணி நேரம் அசையவே இல்லை. உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். நான் பதினைந்து நிமிஷம் தாமதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் விமானம் நிற்கிறது, இந்தப் பக்கம் பெட்டியோடு நான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பணம் போனதைவிட, அன்று பேத்தியின் பிறந்தநாள் என்பதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கார் பக்கமே போவதில்லை. காட்பாடியில் காலை எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் நீல வழித்தடம் நேரே விமான நிலையத்துக்குப் போகிறது. பச்சையில் ஏறிவிட்டால் ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும், பெட்டியோடு அது சிரமம். மதியம் பன்னிரண்டரை விமானத்துக்கு நான் ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

பெங்களூரு வழி நல்லது என்று தம்பி சொல்வான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகப் போனாலும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். டிக்கெட் ரொம்ப மலிவாகக் கிடைத்தாலொழிய வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை டெல்லியில் இறங்கும் விமானத்தைத் தவிருங்கள். மூடுபனியில் எப்போது இறக்குவார்கள் என்று சொல்லவே முடியாது. மதியத்துக்கு மேல் இறங்குவது எனக்குச் சரிப்பட்டது.

முன்பெல்லாம் காட்பாடியில் விடியற்காலை கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மதியம்தான் டெல்லி. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே அதுதான், ரயிலில் கொண்டுபோனால் சுருங்கிவிடும். இப்போது காலையில் ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறேன். சாயங்காலம் மகள் பிரிக்கும்போது காம்பு முள் விரலில் குத்துகிறது. "இன்னும் பச்சையா இருக்கும்மா" என்று அப்படியே அடுப்பங்கரைக்கு எடுத்துப் போகிறாள்.